நாள் தவறாத மாத்திரை

எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை அரசு 2004 ஏப்ரல் முதல் இலவசமாக வழங்கி வருகின்றது. இன்று டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கியுள்ளன, நாளொன்றுக்கு ஒன்று.

இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வன்மையும் பெறக்கூடும். ஆதலின் ஓசூர் ஆலைகளில் முறை மாறி உழைப்போர், இரவு பகல் இரண்டிற்கும் பொருந்தும் ஒரு நேரத்தை வகுத்துக்கொள்க. மறந்ததை நினைவு வந்ததும் உண்க, இரட்டிப்பாக உண்ணற்க. அமில முறிவு மருந்தை ஆறு மணி முன்னரோ இரண்டு மணி பின்னரோ கொள்க. காசநோய் மருந்து உண்போர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

எல்லை கடந்து பெங்களூர் செல்வோர், மருந்து தீருமுன் மாற்றுச் சீட்டுப் பெறுக. பிறர் அறிவரே என்றஞ்சி மருந்தை விடல் வேண்டா; நோயைக் காரணங்காட்டி வேலை நீக்குதலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஐயமெழின் 1097 என்னும் இலவசத் தொலைபேசியில் வினவுக. அங்கத்தினர் இதனை அண்டையாருக்கும் எடுத்துரைப்பாராக.