இரண்டாவது ஏழு கிலோ

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஆளின் பெயருக்கு நேரே கிலோ ஏறும். (சாக்குக்கும் தண்ணீருக்கும் வெட்டுவது தனிக் கதை.) அந்தியில் எல்லாவற்றையும் கூட்டி செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் போடும்போதுதான் முழுப் பேரா (முழு நாள் சம்பளமா) அரைப் பேரா (அரை நாள் சம்பளமா) என்று தெரியும்.

இந்தக் கணக்கை மொங்கோடிபி போன்ற ஆவணத் தரவுத்தளத்தில் வைப்பதாக எடுத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்கு ஓர் ஆவணம். அதில் பெயர், இலக்கம், டிவிசன்; கூடவே ‘நிறுவைகள்’ என்றொரு பட்டியல்: 7, 6. அந்திக் கொழுந்து 8 கிலோ வந்தால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஆவணத்தை முழுதாக எடுத்து, 8ஐச் சேர்த்து, முழுதாகத் திருப்பி வைக்கலாம். ஆனால் அதே நேரத்தில் அலுவலகத்தில் ஒருவர் பகல் நிறுவையைத் திருத்திக்கொண்டிருந்தால், பிந்தி வைத்தவருடையது முந்தி வைத்தவருடையதை அழித்துவிடும். ‘புஷ்’ கட்டளையில் இந்தத் தொல்லை இல்லை. “இவருடைய நிறுவைகளில் 8ஐச் சேர்” என்று சொன்னால் போதும், சேர்க்கும் வேலையைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்ளும். ஓர் ஆவணத்தில் செய்யும் மாற்றம் பாதியில் நிற்பதும் இல்லை.

நிறுவையைத் தராசடியிலிருந்து ஃபோனில் அனுப்பினால் இன்னொரு தொல்லை: மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பதில் வரவில்லையே என்று ஃபோன் மறுபடி அனுப்பினால் 8 இரண்டு தடவை ஏறிவிடும். அதற்குத்தான் ‘அட்-டு-செட்’ இருக்கிறதே என்பார்கள். பட்டியலில் ஏற்கனவே இருப்பதை அது மறுபடி சேர்க்காது. கொழுந்துக் கணக்கில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் வயிற்றில் அடிக்கும். காலையில் 7 கிலோ, பகலிலும் 7 கிலோ எடுத்தவருக்கு இரண்டாவது ஏழு ஏறாது. பிழை என்று ஓர் எச்சரிக்கையும் வராது. அந்தியில் அரைப் பேர் விழுந்த பிறகுதான் சண்டை.

ஆகவே வெறும் எண்ணைப் போடக் கூடாது. திகதி, நிறுத்த நேரம், கிலோ மூன்றையும் ஒரே உருப்படியாகக் கட்டிப் போட வேண்டும். நேரத்தைத் தராசடியிலேயே பதிந்துவிட்டால், எத்தனை தடவை அனுப்பினாலும் அது அதே உருப்படிதான். பகல் ஏழு காலை ஏழோடு கலக்காது. மூன்றின் வரிசையும் மாறக் கூடாது. கிலோவை முன்னால் போட்டு அனுப்பினால் அதை வேறு உருப்படி என்றே தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும்.

ஓர் ஆவணம் 16 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே நீண்ட பட்டியல் வேலையை மெதுவாக்கிவிடும். வருடக்கணக்கில் ஒரே பட்டியலை வளர்க்காமல், ஆளுக்கு மாதம் ஓர் ஆவணம் என்று வைப்பதே நல்லது. சம்பளம் போடும்போது அந்த ஒன்றை எடுத்தால் போதும்.