கல்முனைப் பேச்சில் வாழும் தொல்லொலி

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையை அடுத்த மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ வைகறைத் தொழுகைக்குப் புறப்படும் முதியவர், "வுழுச் செஞ்சிட்டு வாறன் மனெ" என்று பேரனிடம் சொல்வதைக் கேட்கலாம். தொழுகைக்கு முன் முகமும் கைகால்களும் கழுவித் தூய்மை செய்வது வுழு. அச்சில் ழகரம் பெறும் இச்சொல் பேச்சில் ளகரமாய் ஒலிக்கும். அந்த ளகரம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அறபு ஒலிப்பொன்றின் சுவடு.

வுழு, றமழான், கட்டாயக் கடமையைக் குறிக்கும் பர்ழு ஆகிய மூன்றிலும் அறபு நெடுங்கணக்கின் ஒரே எழுத்தே வருகிறது. இன்றைய அறபு நாடுகளில் அது பெரும்பாலும் நாவை அழுத்தி ஒலிக்கும் ஒருவகைத் தகரமாகிவிட்டது. எட்டாம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர் சீபவைஹியோ, நாவின் விளிம்பும் அதனை அடுத்த கடைவாய்ப் பற்களும் பொருந்த அவ்வெழுத்துப் பிறக்கும் என்று வரையறுத்தார். நாவின் பக்கவழியே காற்றுக் கழியப் பிறப்பது நம் ளகரமும் ஆகும். பழைய பக்கவொலியைச் செவியேற்ற தமிழர், அதற்கு அணுக்கமான தம் ஒலியையே வழங்கினர்.

இதற்கு அயன்மொழிச் சான்றுகளும் உண்டு. பர்ழு மலாய்மொழி புகுந்து, தேவை என்னும் பொருளில் 'பெர்லு' ஆயிற்று. நடுவரைக் குறித்த அறபுச் சொல் இசுப்பானியத்தில் 'அல்கால்தே' ஆகி, இன்று நகரத் தலைவரைச் சுட்டுகிறது. இரண்டிலும் லகரம் நிற்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாகிலியிலோ நோன்பு மாதம் 'ரமதானி'. அங்கே பக்கவொலி இல்லை. ஆயினும் இறப்பைச் சார்ந்த சொற்களில் இரு கரைகளும் நெருங்கிவிடுகின்றன. பிணத்தை அவர்கள் 'மைத்தி' என்பர், நாம் மையித்து என்போம். புதைகுழியைக் குறிக்கும் அவர்களின் 'கபுரி' நமக்குக் கபுறு.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது தொல்காப்பியம் காட்டும் மொழிமரபு. அதனாலேயே இறப்பைக் குறிக்கும் அறபுச் சொல், ஈற்றில் உகரம் ஏற்று மௌத்து ஆயிற்று. "அவர் மௌத்தாப் போயிட்டார்" என்னும் தொடரில் ஒரு சொல்லே வரவு. ஏனைய அனைத்தும் தமிழ் இலக்கணம். இதனைக் கலப்படம் என்று இகழ்வோர் மொழியின் இயக்கத்தை அறியாதோர். வழிபாட்டின் உயிர்நாடியான தொழுகை, நோன்பு, ஓதல், பெருநாள் என்பன தூய தமிழ்ச் சொற்கள். சமணரும் பௌத்தரும் தம் உறைவிடத்துக்கு வழங்கிய 'பள்ளி' இங்கே இறையில்லத்தின் பெயர்.

வயற்புறப் பேச்சு இன்னும் வளமானது. நெல்வயற் பரப்பு வட்டை. அதில் விளையும் நெற்பயிரே வெள்ளாமை. பிறகு என்பதற்கு 'மறுகா', திரும்பு என்பதற்குக் 'கிறுகு'. மலையாளத்தார் நாள்தோறும் ஆளும் 'பறைதல்' இங்கும் பேசுதலாய் நின்று நிலவுகிறது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அதுவரை இவ்வூர்கள் மட்டக்களப்பைச் சேர்ந்திருந்தன. பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துவழக்குக்கு மிக அணுக்கமானது மட்டக்களப்புத் தமிழே என்பது செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலின் துணிபு.

இவ்வளம் குன்றிவருகிறது. அறுவடைப் பொறி வயலில் இறங்கியபின், கதிரை அடுக்கிய 'சூடு' அருகியது. அதைச் சூழ்ந்த சொற்களும் அருகின. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. அவர்கள் நாவில் இருந்த சொற்களைப் பதிந்து வைத்தோர் சிலரே. மொழியியலாளர் எம்.ஏ. நுஃமானைத் தந்த மண் கல்முனைக்குடி. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குப் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூதாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, சொல், பொருள், ஊர் குறித்துத் தொகுக்க வேண்டும். அத்தொகுப்பிலிருந்து இக்கரைக்கென ஒரு வட்டார அகராதியைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும்.