மூக்கை நம்பாதே மாப்ளே!

சட்டைக் காலரில் க்ளிப் போட்டு மாட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி அது. நூறு கிராம் தேறினால் அதிகம். பாட்டு பாடாது, மணி காட்டாது, மேனேஜர் எங்கே நிற்கிறார் என்றும் சொல்லாது. காற்றை மோந்து பார்ப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. கெட்ட காற்று என்றால் கீ... கீ... என்று அலறும், சிவப்பு விளக்கு மின்னும், அதிரும். அவ்வளவுதான் சார்!

இதற்கு ஒரு கட்டுரையா என்கிறீர்களா? எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

எங்கள் ஊர் வாலாஜாபேட்டை. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் கிளம்பி வந்து சேர்ந்தது எங்கள் வாலாஜா ரோடுக்குத்தான். (இன்று எத்தனையோ எக்ஸ்பிரஸ்கள் எங்களைப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போகின்றன. அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.) பக்கத்திலேயே ராணிப்பேட்டை, மேல்விஷாரம். அப்படியே ரோட்டைப் பிடித்துப் போனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. நீங்கள் இண்டர்வியூவுக்குப் பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு போன ஷூவின் தோல், இந்த வட்டாரத்துத் தொட்டியில் குளித்துவிட்டு வந்ததாக இருக்க ரொம்பவே சான்ஸ் உண்டு.

அந்தத் தொட்டிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பரிசு வாங்கியவர்களைப் பார்த்துவிடலாம்.

உடம்பில் மாட்டும் கருவிகளுக்கு மூத்த அண்ணன் ஒருத்தர் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்ட்டர் என்பவர், நடமாடும்போதே இதயத் துடிப்பைப் பதிவு செய்ய 1940-களில் ஒரு சாதனம் செய்தார். எடை? சுமார் 38 கிலோ! முதுகில் மூட்டை மாதிரி கட்டிக்கொள்ள வேண்டும். இதயம் நன்றாக இருப்பவன்தான் அதைத் தூக்க முடியும் என்பது வேறு விஷயம். இன்று அதே ஹோல்ட்டர் டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் கைக்கு அடக்கமான பெட்டியைக் கொடுத்து, "நாளைக்கு வந்து குடுத்துடுங்க" என்கிறார்கள்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளும் சளைத்தவர்கள் இல்லை. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு, சென்னை எஸ்.ஆர்.எம். மாணவி மனிஷா மோகனும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து 'ஷீ' என்று ஓர் உள்ளாடை செய்தார்கள். எவனாவது கை வைத்து அழுத்தினால் சென்சார் விழித்துக்கொள்ளும்; அவனுக்கு ஷாக்; போலீசுக்கும் பெற்றோருக்கும் எஸ்.எம்.எஸ்., இருக்கிற இடத்தோடு. போட்டிருக்கும் பெண்ணுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க உள்பக்கம் பாலிமர் லைனிங். 2013-ல் காந்தியன் இளம் தொழில்நுட்பப் புதுமை விருது கிடைத்தது. ஷாக் 3,800 கிலோவோல்ட் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ராட்சத டவர்களில் போகிற ஹைடென்ஷன் லைனே பெரும்பாலும் 400 கிலோவோல்ட்தான் ஐயா! எங்கோ பூஜ்யங்கள் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஓசூர்ப் பையன் ஆகாஷ் மனோஜ். வலியே காட்டாமல் வந்த மாரடைப்பில் தாத்தாவைப் பறிகொடுத்தவர். இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தைத் தோலின் மேலிருந்தே கண்டுபிடிக்க ஒரு பட்டை செய்யப் புறப்பட்டார். 2017-ல் ஜனாதிபதி மாளிகையில் விருந்தினராகத் தங்க அழைப்பு வந்தபோது அவர் பத்தாம் வகுப்பு. (அந்த வயதில் நான் சைக்கிள் செயின் மாட்டவே பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.) 2018-ல் டெல்லியைச் சேர்ந்த லீஃப் வேரபிள்ஸ் குழுவுக்குப் பெண்கள் பாதுகாப்புக் கருவிக்காக 'எக்ஸ் பிரைஸ்' பரிசு, பத்து லட்சம் டாலர்! போட்டியின் கண்டிஷன்: ஆபத்துச் செய்தி 90 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும், செலவு வருஷத்துக்கு 40 டாலரைத் தாண்டக் கூடாது.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி கண்டிஷன்தான். மேடையில் கைதட்டு வாங்குகிற மாதிரிப் பொருளுக்கும், தினமும் காலையில் மாட்டிக்கொண்டு போகிற பொருளுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. வேர்வை, தண்ணீர், தீர்ந்துபோன பேட்டரி, சும்மா சும்மா கத்துகிற அலாரம் எல்லாம் சேர்ந்து வெட்டிய பள்ளம். மூன்று நாள் வெட்டியாகக் கத்தினால் நாலாம் நாள் அது பீரோவுக்குள் போய்விடும்.

இப்போது தொட்டி.

தோலில் ஒட்டியிருக்கிற முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அந்தத் தண்ணீரும் சேறும் அமிலத்தோடு எங்காவது சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அமிலமே இல்லாவிட்டாலும் மூடின தொட்டியில் கழிவு அழுகும்போது அதே வாயு. காற்றை விடக் கனம். அதனால் மேலே பறந்து போகாமல் தொட்டியின் அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்.

தோல் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்த மாமா ஒருத்தர் எனக்கு உண்டு. இந்த மெஷினைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார்.

"இன்னா மாப்ளே, அழுகுன முட்டை நாத்தம் ஒரு மைல் தூரத்துலயே தெரியுமே! அதுக்கு மெஷினு வேறயா? நாத்தம் போனதும் எறங்க வேண்டியதுதான்."

"நாத்தம் எப்ப மாமா போவும்?"

"கொஞ்ச நேரத்துல போயிடும்பா. பழகிடும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இந்த வாயுவின் விஷமமே அதுதான். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு, அதற்கும் கீழே இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் நூறு பங்கை எட்டினால் சில நிமிஷங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் போய்விடும், வாயு போயிருக்காது! ஐந்நூறைத் தாண்டினால் தள்ளாடி விழ வேண்டியதுதான். ஆயிரத்தை எட்டினால் ஒன்றிரண்டு மூச்சு. கத்தக்கூட நேரமில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "கயிறு கட்டாமதான் எறங்குவோம்" என்றார்.

காலர் பெட்டிக்கு மூக்கு மரத்துப்போகாது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, அதன் பின்னால் எலக்ட்ரோடு. வாயு நுழைந்ததும் ரசாயன மாற்றம் நடந்து இத்துனூண்டு கரண்ட் உண்டாகும். வாயு கூடினால் கரண்ட் கூடும். நம் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்குப் பத்து பங்கு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால் பதினைந்து பங்கு என்று கோடு போட்டது. பெரும்பாலான கருவிகள் அதே பத்தில் ஒரு தடவையும் பதினைந்தில் இன்னொரு தடவையும் அலறும். காலரில் ஏன் மாட்டுகிறோம்? நாம் மூச்சு விடுகிற காற்றையே அதுவும் மோக்க வேண்டுமே! பெல்ட்டில் மாட்டி ஸ்டைல் பண்ணினால் பிரயோஜனம் குறைவு. இங்கிலாந்துச் சுரங்கங்களில் கேனரிக் குருவிகள் இதே மாதிரி வேலையை 1986 வரை பார்த்தன. குருவி மயங்கினால் ஆள் ஓட வேண்டும்.

தொட்டிச் சாவுகளில் பார்த்தீர்களானால் பல சமயம் ஒருத்தரோடு நிற்பதில்லை. முதல் ஆள் விழுவார். "ஐயோ" என்று தம்பியோ சிநேகிதனோ குதிப்பான். அவனைத் தூக்க மூன்றாமவன். இந்தப் பாசத்தை எந்தப் பெட்டியாலும் தடுக்க முடியாது. மேலே நிற்கிறவன் இறங்காமல், கட்டியிருக்கிற கயிற்றை இழுக்க வேண்டும்; இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதுகில் காற்று சிலிண்டரோடு முகமூடி வேண்டும். துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வதெல்லாம் சினிமாவோடு சரி.

கருவி கிருவி என்று நான் துள்ளுவதற்கும் ஒரு எல்லை உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் இரவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் காலரில் ஆளுக்கு ஒரு டஜன் பெட்டி இருந்திருந்தாலும் அந்தச் சுவரைத் தாங்கியிருக்காது. சுவரைக் கட்டுகிறவர்களும், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களும் செய்ய வேண்டியதைத் தொழிலாளியின் சட்டையில் மாட்டிவிட முடியாது.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆளுக்கு என்ன மாட்டலாம் என்பதை விட்டுவிட்டு, ஆளே இறங்காமல் இருக்க என்ன வழி என்று பார்த்து, 'ஹோமோசெப்' என்று ஒரு ரோபோ செய்தார்கள். செப்டிக் டேங்கின் வாய் வழியாக அதை இறக்கினால், உள்ளே கத்திகள் சுழன்று கெட்டிச் சேற்றைக் கரைக்கும், பம்ப் உறிஞ்சிவிடும். 2022-ல் முதல் இரண்டு மெஷின்கள் போய்ச் சேர்ந்தது, இந்த வேலையில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களுக்கு.

மாமா ரிடையர் ஆகிவிட்டார். அவர் பையன் அதே லைனில்தான் இருக்கிறான், மெயின்டனன்ஸில். போன வாரம் போன் செய்து, "மாமா மகனே, அந்தப் பொட்டி எத்தினி ரூபா?" என்று கேட்டான். விலை ஆயிரக்கணக்கில், வாங்கித் தரவேண்டியது கம்பெனி, வாங்கினால் மட்டும் போதாது, வேலைக்குப் போகுமுன் டெஸ்ட் வாயுவைக் காட்டிக் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன்.

"கத்தலைன்னா?"

"எறங்காதே."

"சூப்பர்வைசர் கத்துவாரே?" என்றான்.