எல்லை கடந்து வரும் செவிலியர்

கூடலூரிலிருந்து மேற்கே சென்றால் கேரளத்தின் வயநாடு. வடக்கே சென்றால் கர்நாடகம். ஆகவே, பக்கத்து மாநிலத்தில் படித்து, முதல் பணிக்காக நீலகிரிக்கு வரும் செவிலியரை நீங்கள் சந்திக்கக்கூடும். 'புதியவர் ஊசி போடலாமா?' என்ற தயக்கம் எழுவது இயல்பே. அதற்கான விடையை இங்கே தருகிறோம்.

நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்கோ மூன்றாண்டுப் பட்டயப் படிப்போ முடித்தவுடன் எங்கும் பணியில் சேர்ந்துவிட இயலாது. நர்சிங் கல்விக்கான மத்தியச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. எனினும் செவிலியர் பதிவேடு மாநிலந்தோறும் தனித்தனி. படித்த மாநிலத்தில் பதிவு செய்தவர், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, தமிழ்நாட்டுக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். கல்விக் கடன் சுமந்து முதல் ஊதியத்தை எதிர்நோக்கும் இளையோருக்கு இக்காத்திருப்பு கடினமானது. ஆயினும் போலிச் சான்றிதழுடன் எவரும் உங்கள் கட்டிலருகே வராமல் காப்பது இச்சரிபார்ப்பே.

எஞ்சுவது மொழி. 'குத்துகிறது', 'கடுக்கிறது', 'மரத்துப்போகிறது' என்னும் சொற்களின் வேறுபாட்டைப் பாடநூல்கள் கற்பிப்பதில்லை, நோயாளிகளே கற்பிக்கின்றனர். தமிழிலோ படுகிலோ பேசுவோர் சற்று நிதானமாகப் பேசுங்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். மருந்து உண்ணும் வேளை விளங்காவிடில் மீண்டும் கேளுங்கள். அவ்வாறு கேட்பது அவரைக் குறைகூறுவதாகாது. இருவருக்கும் அது பாதுகாப்பு.