மணப்பெண்ணின் கையெழுத்து எங்கே?

கண்டி நகரிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் ஆறு கிலோமீற்றர் தூரம்தான். 1952இல் அது அங்கு வந்ததிலிருந்து எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்கிறார்கள். காதல் பிறப்பதில் வியப்பில்லை. ஆனால் மகளை ஆசையாய்ப் படிக்க அனுப்பும் மலாயர் வீடு, அவள் விரும்பியவன் அதே மார்க்கத்துச் சோனகர் வீட்டுப் பையனானால்கூடத் தயங்குகிறது. படிப்பு பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்பார் ஒரு சாரார்; மரபு பெண்ணை நசுக்குகிறது என்பார் மறு சாரார். இரண்டுமே பாதி உண்மை. அவளுடைய சம்மதத்தைக் கேட்டுப் பதிவுசெய்யும் ஏற்பாடு இல்லாததே மெய்யான குறை.

இலங்கையில் ஏறத்தாழ 40,000 பேரே உள்ள மலாயர் சமூகம் வெளியில் மணம் முடித்தால் கரைந்துபோகாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் வரலாறு வேறொன்று சொல்கிறது. ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் அண்டைத் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த படைவீரர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் இச்சமூகத்தின் முன்னோர். மலாயர் பணியாற்றிய இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873இல் கலைக்கப்பட்டபின் வீரர்கள் பல ஊர்களுக்கும் சிதறினர். இலங்கை மலாய் மொழியில் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களை மலாயர் மணந்ததே இதற்குக் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பி. ஏ. ஹுசைன்மியா உள்ளிட்டோரின் கருத்து. இதை ஏற்காத மொழியியலாளர்களும் உண்டு; எனினும் நெருங்கிய மொழித் தொடர்பை அவர்களும் மறுக்கவில்லை. கலந்தே வளர்ந்த சமூகம் கலப்பைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

வேற்று மதத்தவரை மணப்பது தனிக் கேள்வி. முஸ்லிம்கள் இருவர் மணப்பதிலேயே பெண்ணின் குரல் பதிவாகவில்லை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையெழுத்தைக் கேட்கவில்லை. வலீ எனும் பாதுகாவலரான தந்தையின் ஒப்புதலே போதும். பொதுச் சட்டம் 1995இல் திருமண வயதை 18 ஆக்கியபோதும் முஸ்லிம் சட்டத்தில் அந்த வரம்பு வரவில்லை. தந்தை காரணமின்றி மறுத்தால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியிடம் முறையிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பெற்ற தகப்பனுக்கு எதிராக முறைப்பாடு கொடுக்க எத்தனை மகள்களுக்குத் துணிவு வரும்? இச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூஃப் குழு அறிக்கை தரவே 2018 ஆயிற்று.

அதே 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனவில் மூண்ட இனவன்முறையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இத்தகைய சூழலில் சீர்திருத்தம் பேசுவது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்று கேட்பவரின் காயம் புரிகிறது. ஆனால் மகளின் மௌனம் ஒரு சமூகத்துக்கு அரணாகாது. முன்னோரின் ஜாவா இன்று இருக்கும் இந்தோனேசியாவிலும், இலங்கை முஸ்லிம்களிடையே போலவே, ஷாஃபி மத்ஹப் எனும் மார்க்கச் சட்ட நெறியே பெரும்பான்மை. அந்நாட்டின் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இருவரின் சம்மதத்தையும் கட்டாயமாக்கியது. 2019இல் பெண்ணின் திருமண வயதும் 19 ஆனது. மார்க்கத்தை விடாமலேயே அவர்களால் இது முடிந்திருக்கிறது. பட்டச் சான்றிதழைக் கையெழுத்திட்டு வாங்கும் பெண், நிக்காஹ் பதிவிலும் தன் பெயரைத் தானே எழுத வேண்டும்.