குயிக் சேஞ்ச்: ரேஸ் மைதானத்து ரியர் ஆக்சில் ரோட்டுக்கு வந்தா என்ன ஆகும்?

போன எபிசோட்ல அமெரிக்க ஹாட் ராட் கார்களைப் பத்திப் பேசும்போது, 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரோட பின்பக்கம் பளபளன்னு துருத்திக்கிட்டு நிக்கிற ஒரு உலோகப் பெட்டியைப் பத்தி ஒரே வரியில சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அது என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுதான் குயிக் சேஞ்ச் ரியர் ஆக்சில்.

பைக்ல பிக்கப் வேணும்னா பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெருசா மாத்துவாங்க, டாப் ஸ்பீடு வேணும்னா சின்னதா மாத்துவாங்க. கார்ல அதே வேலையைச் செய்யணும்னா கிரவுனையும் பினியனையும் வெளியே எடுக்கணும், ஒரு நாள் போயிடும். ரேஸ்ல அடுத்த சுற்றுக்கு அரை மணி நேரம்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துல டக்ளஸ் விமான நிறுவனத்துல வேலை பார்த்த டெட் ஹாலிபிராண்ட், போருக்கு அப்புறம் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில இருந்து இதுக்கு ஒரு தீர்வு கொடுத்தார். எடை குறையணும்னு ஹவுசிங்கை மெக்னீசியத்துல வார்த்தார்.

உள்ளே நடக்கிறது இதுதான். இன்ஜின்ல இருந்து வர்ற ஷாஃப்ட் கிரவுனுக்குக் கீழே புகுந்து பின் மூடி வரைக்கும் போகும். அங்கே மேலும் கீழுமா நேர்ப் பல் கியர் ரெண்டு. மேல் கியர் பினியனைச் சுத்தும், பினியன் பின்னால இருந்து கிரவுனைச் சுத்தும். மூடியைக் கழட்டினா அந்த ரெண்டு கியரும் கையில வந்துடும்.

கணக்கு சுலபம். கிரவுன்-பினியன் விகிதம் 4.11, பின் கியர்கள்ல 20 பல், 25 பல்னு வெச்சுக்கோங்க. ஒரு பக்கமா மாட்டினா 5.14, இடம் மாத்தி மாட்டினா 3.29. சக்கரத்தோட விட்டம் 28 அங்குலம்னா, மணிக்கு 60 மைல்ல இன்ஜின் முதல் கேஸ்ல சுமார் 3,700 ஆர்பிஎம்ல கத்தும், ரெண்டாவதுல சுமார் 2,370ல நிம்மதியா ஓடும். கோடைத் தொட வேண்டாம், கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி மாத்தினா போதும்ங்கிற மாதிரி.

சரி, பழைய ஒண்ணை வாங்கி ரோட்டு வண்டியில மாட்டிடலாமா? மாட்டலாம். ஆனா கியரை யோசிக்கிற அளவுக்கு, ஆக்சிலை யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

1948 வரைக்கும் ஃபோர்டு கார்கள்ல ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள்ளே ஓடும். டார்க் டியூப்னு பேரு. அது வெறும் உறை இல்லை. சக்கரம் வண்டியைத் தள்ளுற விசையை முன்னாடி கொண்டுபோறது அதுதான். ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஹவுசிங் மூக்கைத் தூக்கிக்கிட்டுச் சுழலப் பார்க்கும், அதைத் தடுக்கிறதும் அதுதான். புது கியர்பாக்ஸ் போடுறவங்க டியூபை எடுத்துட்டு வெறும் ஷாஃப்ட் மாட்டுவாங்க. அப்போ அந்த ரெண்டு வேலையையும் வேற ஒண்ணு செஞ்சாகணும்.

பலர் செய்யறது, ரேடியஸ் ராடு ரெண்டையும் பிரிச்சு, ஆளுக்கொரு பக்கமா சட்டத்துல மாட்டுறது. பார்க்க அழகா இருக்கும். ஆனா ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கினா ரெண்டு ராடும் வேற வேற வளைவுல நகரும், ஹவுசிங் முறுக்கப்படும். நடுப் பெட்டியும் ரெண்டு பக்க மணிகளும் போல்ட்டுல சேர்ந்தவை. அந்த முறுக்கு அவ்வளவும் அங்கேதான் இறங்கும். என் வோட்டு, ரெண்டு ராடும் முன்னாடி நடுவுக்கு வந்து யூனிவர்சல் ஜாயின்ட் பக்கத்துல சேர்ற அமைப்புக்குத்தான். கொஞ்சம் கூடுதல் வெல்டிங், அவ்வளவுதான்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய ஃபோர்டு ஆக்சில் முனை கூம்பு வடிவம். ஒரு சாவியும் ஒரு நட்டும்தான் டிரம்மைப் பிடிக்கும். நட்டு தளர்ந்தா சாவி வெட்டிக்கும். ஆக்சில் உடைஞ்சா சக்கரமே கழண்டு போகலாம். அந்தக் காலத்து சைடு வால்வு வி8 இன்ஜினுக்கு இது போதும். இன்னைக்கு அதைவிட ரெண்டு மூணு மடங்கு சக்தி உள்ள இன்ஜினை மாட்டிட்டு அதே ஆக்சிலை நம்பறது சூதாட்டம். நடுப் பெட்டியை வெச்சுக்கிட்டு, பக்கவாட்டுல தடிமனான புது ஆக்சிலும் நவீன முனைகளும் போட்டுக்கறது நல்லது. டிஃபரன்ஷியல் இருக்கான்னும் பாருங்க. ரேஸுக்குச் செஞ்ச சிலதுல இருக்காது, ஒவ்வொரு திருப்பத்துலயும் டயர் தேயும்.

பழைய மெக்னீசியம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்க வேண்டிய பொருள் இல்லை. அது அரிக்கும், விரிசல் விடும். முதல்ல சாயம் ஊத்திச் சோதிக்கிறவங்ககிட்ட கொடுங்க. அரைக்கும்போது பறக்கிற தூள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, இன்னும் பயங்கரமா எரியும்.

இவ்வளவும் செஞ்சு ரோட்டுக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க அப்புறம் கியரை மாத்தறதே இல்லை. ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் இருந்தா தேவையும் இல்லை. அந்த நேர்ப் பல் கியரோட ஊளைச் சத்தத்துக்காகவே வெச்சிருக்காங்க. பொய் சொல்லாம சொன்னா, நானும் அதுக்காகத்தான் வெச்சுப்பேன். ஆனா பெட்ரோல் டேங்கை மாட்டும்போது மூடியைப் பின்னால இழுக்க இடம் இருக்கான்னு அளந்துக்கோங்க. டேங்கை இறக்கித்தான் கியர் மாத்தணும்னா அதுக்கு குயிக் சேஞ்ச்னு பேரு கிடையாது.