இடப்பக்கம் பிரேக் இல்லாத கார்

ஐம்பதை ஒட்டிய வயதில் கார் பழகப் போகிறவர்களிடம் என்ன பயம் என்று கேட்டால், "எங்கேயாவது இடிச்சிட்டா?" என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் பஸ்காரன் ஹார்னில் கைவைத்து, டீக்கடையில் நிற்கிறவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தால்? இடித்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. இந்தப் பார்வைக்கு எந்த இன்ஷூரன்ஸும் இல்லை. பதினெட்டு வயதுப் பையனை நாலு பேர் பார்த்தால் அவனுக்குக் குஷி. பேரன் பேத்தி எடுக்கும் வயதில், எல் போர்டு மாட்டிய வண்டியில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பவருக்கு அது அப்படி இல்லை.

எங்கள் பெரிய அண்ணியை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். புதுக்கோட்டைக்காரர், அரசுப் பள்ளி ஆசிரியை. சுபாவத்தில் பயந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் 1992-ன் புதுக்கோட்டைப் பெண்.

அந்த ஆண்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் வேகம் பிடித்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டிய பெண் தொண்டர்கள் அண்ணனையோ அப்பாவையோ பஸ்ஸையோ எதிர்பார்த்து நின்றால் வேலை நடக்காது. தொண்டர்கள் பழகினார்கள், பிறகு அவர்களிடம் படிக்க வந்தவர்களும் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும். பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது, முன்னால் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! 1992 மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்தபடி டவுனுக்குள் ஊர்வலம் போனார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அண்ணிக்கு அப்போது பதினெட்டு வயதிருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு அறிவொளித் தொண்டராகச் சேர்ந்தவர். வாடகை சைக்கிளில் தானும் பழகி, கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி மற்றவர்களையும் பழக்கியவர். "பயமா இல்லையா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன். "பயப்பட எங்க தம்பி நேரம்? நான் விழுந்து எந்திரிக்கிறதுக்குள்ள பக்கத்துல இன்னொருத்தி விழுந்து கெடப்பா. அவளப் பார்த்துச் சிரிச்சு முடிக்கவே சரியா இருக்கும்" என்றார். வேடிக்கை பார்த்தவர்களும் கேலி செய்தவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் பொட்டல் நிறையப் பெண்கள் ஒன்றாக விழுந்துகொண்டிருக்கும்போது, யாரைக் குறிவைத்து வெறித்துப் பார்ப்பது?

கார் விஷயம் அப்படி இல்லை. அன்றைக்குப் புதுக்கோட்டையில் கார் என்றால் பெரும்பாலும் வாடகை அம்பாசடர். கியர் ஸ்டீயரிங்குக்கு அடியிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. நிறுத்தி வைத்த வண்டியைத் திருப்பத் தோள்பட்டை வேண்டும். திரும்பப் போவதைக் கையை வெளியே நீட்டிக் காட்டுவார்கள். கார் ஓட்டுவது ஆம்பளைத் தொழில். கார் உள்ள வீட்டுப் பெண்ணுக்குப் பின் சீட். 1993-ல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பஸ்ஸுக்கே ஓட்டுநரான செய்தி வந்தபோது அண்ணியும் தோழிகளும் பேப்பரைக் கைமாற்றிப் படித்தார்களாம். பெருமைதான். ஆனால் நாமும் ஓட்டலாம் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஓட்டுவதற்குக் கார் எங்கே இருந்தது?

சைக்கிளுக்குப் பிறகு ஸ்கூட்டி வந்தது. கீழ ராஜ வீதியின் பண்டிகைக் கூட்டத்தில் கூட, பின்னால் ஒரு பிள்ளை, முன்னால் காய்கறிப்பை என்று அண்ணி சர்வசாதாரணமாகப் போய்வருவார். பிறகு வீட்டுக்குக் காரும் வந்தது. அதை அண்ணன் ஓட்டினார், அண்ணி இடப்பக்கம் உட்கார்ந்தார். வருஷங்கள் அப்படியே ஓடின. ஏன் பழகவில்லை என்று கேட்டால் முட்டி வலி, பரீட்சைப் பேப்பர், மழை என்று தினம் ஒன்று கிடைக்கும். இருசக்கர வண்டியில் நம் அகலம் நமக்குத் தெரியும். முட்டி எங்கே இடிக்கும் என்பதை உடம்பே சொல்லிவிடும். காரில் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு இடப்பக்கம் எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டும். அண்ணி இதை, "அந்தப் பக்கம் யாரோ ஒருத்தரோட வண்டி மாதிரி இருக்கு தம்பி" என்பார்.

பிறகு சர்க்கரை அண்ணனின் கண்ணைத் தொட்டது. இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவையோ மாதாமாதம் திருச்சிக்கு அழைத்துப்போக வேண்டும், 50 கிலோமீட்டருக்கு மேல். ஆக்டிங் டிரைவரை நம்பிக் கொஞ்ச நாள் ஓடியது. முகூர்த்த நாள் என்றால் அவர் போனையே எடுக்க மாட்டார். அப்படி ஒரு முகூர்த்த நாளில்தான் அண்ணி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பணம் கட்டினார்.

நாற்பதைத் தாண்டியவர்கள் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்தால் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். நியாயமான விதிதான். ஆனால், அரசாங்கமே நம்மைச் சந்தேகப்படுகிறது என்ற எண்ணத்தோடுதான் பலர் அந்தத் தாளை வாங்குகிறார்கள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தது. விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். தொடங்கியபோது அதற்கும் வயது வரம்பு 18 முதல் 40 வரை. நாற்பதுக்கு மேல் யாரும் புதிதாக எதையும் ஓட்டப் போவதில்லை என்று எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தது போலத்தான் இருக்கிறது.

விதிப்படி டிரைவிங் ஸ்கூல் வண்டியில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பயிற்சி குறைந்தது 21 நாள், அதில் 10 மணி நேரமாவது பழகுகிறவர் ஸ்டீயரிங் பிடித்திருக்க வேண்டும். மாஸ்டரின் காலடியில் கிளட்சும் பிரேக்கும் இருப்பதால் அண்ணிக்குப் பெரிய நடுக்கம் இல்லை. பொறுமைசாலி மாஸ்டர். ஆனால் இந்தப் பள்ளிகளில் பொதுவாகச் சொல்லித் தருவது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் தேறுவதற்கு. ஊருக்குள் ஓட்டுவதற்கு என்று தனியாக யாரும் சொல்லித் தருவதில்லை. அண்ணி தேறினார். லைசென்ஸ் வந்தது, ஹேண்ட்பேக்குக்குள் போனது, அங்கேயே இருந்தது.

நாட்டில் எத்தனை லைசென்ஸ்கள் இப்படி ஹேண்ட்பேக்கிலும் பீரோவிலும் தூங்குகின்றனவோ! காரணம் லேசானது. வீட்டுக் காரில் இடப்பக்கம் பிரேக் இல்லை. அந்த இடத்தில் கணவர் இருக்கிறார்.

அண்ணன் தங்கமான மனிதர்தான். ஆனால் ஓட்டத் தெரிந்த ஆண் இடப்பக்கம் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. இல்லாத பிரேக்கை மிதித்தார். "ஏய் ஏய்" என்றார். "கிளட்ச்ச விடு, மெதுவா விடு, அய்யோ!" என்றார். வண்டி திருக்கோகர்ணத்துப் பக்கம் நடுரோட்டில் ஆஃப் ஆகி நின்றது. பின்னால் ஹார்ன். அண்ணி அதை நினைத்து அழவில்லை, சண்டையும் போடவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். அதன் பிறகு சில மாதங்கள் சாவி ஆணியிலேயே தொங்கியது.

வழி பிறந்தது பள்ளிக்கூடத்தில். கூட வேலை பார்க்கும் இன்னொரு டீச்சர், அண்ணியைவிடச் சின்னவர், அவரிடமும் தூங்கிக்கொண்டிருக்கும் லைசென்ஸ் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இரண்டு பேருமாகச் சித்தன்னவாசல் பக்கம் கிளம்பினார்கள். துணைக்கு மாஸ்டரைப் பேசி வைத்திருந்தார்கள். பின் சீட்டில் உட்கார வேண்டும், கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒருவர் ஓட்ட, ஒருவர் இடப்பக்கம். ஒருவர் வண்டியை ஆஃப் செய்தால் மற்றவர் சிரிப்பார். சற்று நேரத்தில் அவர் முறை.

பயத்தை ஒரே மூட்டையாக வைத்திருந்தால் தூக்க முடியாது, அவர்கள் பிரித்தார்கள். ஒரு வாரம் முழுக்க ஹாஃப் கிளட்ச் மட்டும்: ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டி எந்த இடத்தில் நகரத் தொடங்குகிறது என்று காலுக்குத் தெரிய வைப்பது. இன்னொரு வாரம் இடப்பக்கம் மட்டும்: ரோட்டோர வெள்ளைக் கோட்டை ஒட்டி நிறுத்துவது, இறங்கிப் போய் டயருக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது, மறுபடி ஏறுவது. மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்று கிளம்புவதற்குத் தனியாக ஒரு காலை. மற்றவர்களுக்குக் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவருக்கு இந்த வழி தெரியாமலா இருந்திருக்கும்? தனக்கென்று வரும்போது பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அன்றைவிட இன்று கார் பழகுவது லேசு என்பார்கள். இயந்திரத்தைப் பொறுத்தவரை உண்மை. அம்பாசடர் உற்பத்தி நின்ற அதே 2014-ல்தான் கிளட்ச் மிதியே இல்லாத மாருதி செலேரியோ வந்தது. இப்போது சின்னக் கார்களிலும் ஸ்டீயரிங் ஒரு விரலுக்குச் சுற்றுகிறது, ரிவர்ஸ் எடுத்தால் கேமரா காட்டுகிறது. ஆனால் பழகும் விதம் பின்னுக்குப் போய்விட்டது. 1992-ல் ஒரு மாவட்டமே கூடிப் பழகியது. இன்று ஐம்பது வயதுப் பெண் பணம் கட்டி, தனியாக, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் பழகுகிறாள். விழுந்தால் கூடச் சிரிக்க ஆள் இல்லை. பார்க்க மட்டும் ஊரே இருக்கிறது. சாலையும் அன்றைய சாலை இல்லை.

கியர் வண்டி வேண்டாம், ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது அண்ணன் முகத்தைச் சுளித்தார். "கியர் போடாம ஓட்டுறதெல்லாம் ஓட்டுறதா?" இந்தக் கேள்வியில் எனக்கு மரியாதையே கிடையாது. தாமதமாகப் பழகுகிறவருக்கு மனதில் இருக்கும் இடம் கொஞ்சம். அதில் பாதியைக் கிளட்சுக்குக் கொடுத்துவிட்டால் ரோட்டைப் பார்ப்பது யார்? ஆனால் அண்ணி கியர் வண்டியிலேயே நின்றுகொண்டார். இருக்கிற காரை விற்பானேன் என்ற கணக்கு.

இப்போது அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப்போவது அண்ணிதான். கீரனூர் தாண்டும்வரை பேச்சில்லை. மாத்தூர் நெருங்கினால் ரேடியோவைக் கூட அணைத்துவிடுவார். ராத்திரி ஓட்டுவதில்லை. இரண்டு காருக்கு நடுவே ரிவர்ஸில் செருக வேண்டும் என்றால் இன்றும் அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போய்க் காலி இடம் தேடுகிறார். லைசென்ஸ் வந்தும் எல் ஸ்டிக்கரைக் கிழிக்கவில்லை. அதைப் பார்த்துப் பாதிப் பேர் ஒதுங்கிப் போகிறார்கள், மீதிப் பேர் இன்னும் அதிகமாக ஹார்ன் அடிக்கிறார்கள். "அடிச்சுக்கட்டும், அவன் கை, அவன் ஹார்ன்" என்கிறார். அண்ணன் இப்போது பின் சீட். முன்னால் அம்மா, அவருக்குப் பிரேக் எது என்றே தெரியாது. இடப்பக்கம் உட்கார அதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பது அண்ணியின் கருத்து.

அடுத்த லீவுக்குச் சென்னைக்குக் காரிலேயே வந்துவிடுங்களேன் என்று போனில் கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? அதான் பல்லவன் ரயில் இருக்குல்ல. ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே வரலாம்."